படித்து முடித்தும் ‘முடியவில்லை’ என்று காட்டுகிறதா? முதல் செல்ஃப்-பேஸ்டு கோர்ஸ் செய்முறை

இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் (பாடங்களை வடிவமைக்கும் துறை) படிப்பவர்கள் சென்னை ஓஎம்ஆர் ஐடி நிறுவனங்கள் பக்கம் வேலை கேட்டுப் போகும்போது, மாணவர் தன் வேகத்தில் தானே படிக்கிற, ஓடுகிற ஒரு மாதிரி கோர்ஸாவது கையில் இருக்க வேண்டும். மூடுல் (கோர்ஸை ஏற்றி, யார் முடித்தார்கள் என்று பதிவு செய்யும் தளம்) கணக்கும் ஒரு ஆத்தரிங் டூலும் (பாடத்தை உருவாக்கும் மென்பொருள்) இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். உதாரணம்: அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஓஆர்எஸ் கரைசல் பற்றி 15 நிமிடப் பாடம்.

1. கடைசிக் கேள்வியை முதலில் எழுதுங்கள்

‘ஓஆர்எஸ் பற்றிப் புரிந்துகொள்வார்’ என்று நோக்கம் எழுதாதீர்கள். புரிந்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது? பாட நோக்கம் எழுதுவது பற்றி நூல் எழுதிய ராபர்ட் மேகர் 1962-இல் சொன்ன மூன்றும் அதில் வர வேண்டும்: என்ன செய்வார், எந்தச் சூழலில், எவ்வளவு சரியாக. ‘பாக்கெட்டும் அளவுக் குவளையும் கொடுத்தால், பாக்கெட்டில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைப்பார், 24 மணி நேரம் கழிந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடுவார்.’ இது நோக்கம்.

இதிலிருந்து கேள்வி தானாக வரும். கடையில் 1 லிட்டருக்கான பாக்கெட்டும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. ‘வியாசர்பாடியில் ஒரு அம்மா கையில் 1 லிட்டர் பாக்கெட், வீட்டில் இருப்பது 200 மில்லி டம்ளர். டம்ளரிலேயே கரைத்துவிடலாமா என்று கேட்கிறார். என்ன சொல்வீர்கள்?’

‘கரைக்கலாம்’ என்று அழுத்தியவருக்கு ‘தவறு, மீண்டும் முயலுங்கள்’ என்று காட்டினால் அவர் அடுத்த விடையை அழுத்திப் பார்ப்பார், அவ்வளவுதான். ‘தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கிறது, உப்பு ஐந்து மடங்கு ஏறிவிடும், குழந்தைக்கு ஆபத்து. 1 லிட்டர் பாத்திரம் தேடச் சொல்லுங்கள்’ என்று எழுதுங்கள். வகுப்பில் டீச்சர் வாயால் சொல்வதை இங்கே இந்த இரண்டு வரிதான் சொல்கிறது. ஸ்லைடை அழகுபடுத்தும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

2. ஸ்கிரிப்ட்

பாட நிபுணர் தரும் வேர்டு ஃபைல் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால், வேறு எதையும் தொடும் முன் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் சப்டைட்டில் கண்டபடி ஆங்கில எழுத்துகளாக வரும். சப்டைட்டில் கட்டாயம்: தாம்பரம் லோக்கலில் நின்றபடி, இயர்போன் இல்லாமல் பார்ப்பவர்களும் உண்டு.

3. டூல்

முதல் கோர்ஸுக்கு எச்5பி என்ற ஆத்தரிங் டூல் போதும்; இலவசம், மூடுலுக்குள்ளேயே ஓடும். அனிமேஷன் வசதியெல்லாம் உள்ள ஸ்டோரிலைன் என்ற டூலை இரண்டாவது கோர்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அனிமேஷன் வசதி கையில் கிடைத்தால் பாடம் எழுதும் வேலை பின்னுக்குப் போய்விடுகிறது.

4. ஸ்கார்ம்: கால் இடறும் இடம்

ஸ்டோரிலைனில் செய்தால் ஸ்கார்ம் பேக்கேஜாக வெளியிட வேண்டும் (ஸ்கார்ம் என்பது பாடமும் மூடுல் போன்ற தளமும் பேசிக்கொள்ளும் பொது விதி; பேக்கேஜ் ஒரு ஜிப் ஃபைல்). 1.2 பதிப்பையே எடுங்கள். 2004 பதிப்புக்கு மூடுலில் முழு ஆதரவு இல்லை. 1.2-இல் மாணவரின் நிலையைச் சொல்ல ஒரே ஒரு பெட்டிதான்: ‘கம்ப்ளீட்டட்’, ‘பாஸ்டு’, ‘ஃபெயில்டு’ எல்லாம் அதற்குள்ளேயே.

இப்போது சிக்கலைப் பாருங்கள். வெளியிடும்போது ‘பாஸ்டு/ஃபெயில்டு’ என்று வைத்திருப்பீர்கள். மூடுலில் முடித்ததற்கான நிபந்தனையில் ‘கம்ப்ளீட்டட்’ மட்டும் டிக் ஆகியிருக்கும். மாணவர் 100 மதிப்பெண் எடுத்தாலும் பேக்கேஜ் ‘பாஸ்டு’ என்றுதான் அனுப்பும். மூடுல் ‘கம்ப்ளீட்டட்’டுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். மூடுலில் இரண்டையும் டிக் செய்யுங்கள். ஏதேனும் ஒன்று வந்தாலே ஏற்றுக்கொள்ளும். தேர்வே இல்லாத பாடம் என்றால் வெளியிடும்போதே ‘கம்ப்ளீட்டட்/இன்கம்ப்ளீட்’ தேர்ந்தெடுங்கள்.

விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதல் ஸ்லைடுக்கே போகிறதா? 1.2-இல் விட்ட இடத்தை நினைவில் வைக்க 4096 எழுத்துகள்தான் இடம். ஸ்லைடும் கேள்வியும் கூடினால் நிரம்பிவிடும். ஒரு மணி நேரப் பாடத்தை ஒரே பேக்கேஜில் அடைக்காமல் நான்காக உடையுங்கள்.

ஜிப்பை அவிழ்த்து ஒரு எழுத்துப்பிழை திருத்திவிட்டு, வெளி ஃபோல்டரோடு மறுபடி ஜிப் செய்தால் மூடுல் ஏற்காது. பேக்கேஜில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் மேனிஃபெஸ்ட் ஃபைல் (imsmanifest.xml) ஜிப்பைத் திறந்ததும் முதல் அடுக்கிலேயே இருக்க வேண்டும். உள்ளே போய், எல்லா ஃபைலையும் தேர்ந்தெடுத்து ஜிப் செய்யுங்கள்.

5. சோதனை

முதலில் பேக்கேஜை ஸ்கார்ம் கிளவுட் என்ற சோதனைத் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். அங்கே ஓடி மூடுலில் ஓடவில்லை என்றால் கோளாறு மூடுல் அமைப்பில். அங்கேயும் ஓடவில்லை என்றால் பேக்கேஜில். சோதிக்கும்போது அட்மின் கணக்கு வேண்டாம், மாணவர் கணக்கில் நுழையுங்கள். பாதியில் போனில் டேபை மூடிவிட்டுத் திரும்பி வந்தும் பாருங்கள்.

பிறகு சேர்த்தது: எச்5பி இன்டராக்டிவ் வீடியோவில் மதிப்பெண் ஏறவில்லை என்றால், பெரும்பாலும் மாணவர் கடைசித் திரையில் விடைகளைச் சமர்ப்பிக்கும் பட்டனை அழுத்தாமல் போயிருப்பார். வீடியோ முடிவதற்கு 10 நொடி முன்பே ‘கடைசியில் வரும் பட்டனை அழுத்துங்கள்’ என்று குரலிலேயே சொல்லிவிடுங்கள். கேள்விகளைத் தாண்டி ஓட்டிவிடுகிறார்கள் என்றால், முன்னோக்கித் தள்ளுவதைத் தடுக்கும் வசதி அதன் அமைப்புகளிலேயே இருக்கிறது.