பைத்தான் ஆவணத்தில் உங்கள் முதல் திருத்தம்

பைத்தான் நிரல்மொழியின் அதிகாரப்பூர்வ ஆவணத்தைப் படிக்கும்போது எந்த வரியை மூன்று முறை படித்தும் புரியவில்லையோ, அதைக் குறித்து வையுங்கள். முதல் படி அதுதான். மொழியில் ஊறியவர்களுக்கு அந்த வரி உறுத்தவே உறுத்தாது. ஒரு வாரம் போனால் உங்களுக்கும் பழகிவிடும், அதனால் உடனே குறித்துவிடுங்கள்.

உதாரணத்துக்கு ஸ்ட்ரிங்கின், அதாவது எழுத்துத் தொடரின், இரு முனைகளையும் நறுக்கும் ஸ்ட்ரிப் என்ற மெத்தடை (செயற்கூறை) எடுத்துக்கொள்வோம். அதற்குச் சில எழுத்துகளைக் கொடுத்தால் ஒரு சொல்லாகப் பார்க்காது. தனித்தனி எழுத்துகளாகப் பார்த்து, எந்த வரிசையில் இருந்தாலும் நீக்கும். இதில் ஏமாறாதவர்கள் குறைவு. ஆவணத்தில் இப்போது, கொடுக்கும் எழுத்துகள் முன்னொட்டும் அல்ல, பின்னொட்டும் அல்ல என்று ஒரு வரியும், கூடவே ஓர் எடுத்துக்காட்டும் இருக்கின்றன. குழப்பம் தீராததால் 2020இல் வந்த 3.9 பதிப்பில் முன்னொட்டையும் பின்னொட்டையும் நீக்கத் தனி மெத்தடுகளையே சேர்த்தார்கள். நீங்கள் சேர்க்க வேண்டியதும் அந்த மாதிரி ஒரு வரி, ஓர் எடுத்துக்காட்டு. அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம். மூலக் கோப்புகள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில், சிபைத்தான் (பைத்தானின் மூல நிரல்) ரிப்போவின் 'டாக்' ஃபோல்டரில் இருக்கின்றன. ஆவணப் பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் 'ஷோ சோர்ஸ்' இணைப்பை அழுத்தினால் உரிய கோப்பு நேராகத் திறக்கும். அதே விஷயத்துக்கு ஏற்கெனவே கிட்ஹப்பில் இஷ்யூ (குறையைச் சொல்லும் பதிவு) இருக்கிறதா என்று தேடுங்கள். எழுத்துப்பிழைக்கு இஷ்யூ தேவையில்லை. பொருளே மாறும் என்றால் முதலில் இஷ்யூ போடுங்கள். அப்புறம் வழக்கம்போல ஃபோர்க் (ரிப்போவுக்கு உங்கள் கணக்கில் ஒரு நகல்), அதில் புது பிராஞ்ச் (திருத்தத்துக்கென ஒரு தனிக் கிளை).

கோப்புகளை எழுதும் குறியீட்டு முறை பலருக்கும் பழகிய மார்க்டவுன் இல்லை, ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட். நிரல் சொல்லின் இரு பக்கமும் இரட்டை பேக்டிக் (``) வேண்டும். மார்க்டவுன் பழக்கத்தில் ஒற்றையாகப் போட்டால் பொருள் மாறிவிடும். உள்தள்ளல் மூன்று ஸ்பேஸ், நான்கு அல்ல. எனக்கு இன்றும் கை தவறும் இடம் இது.

எழுதியதை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். 'டாக்' ஃபோல்டருக்குள் மேக் கட்டளையோடு எச்டிஎம்எல் என்று (make html) கொடுத்தால், ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவி இணையப் பக்கங்களை உருவாக்கிக் காட்டும். (ஸ்பிங்க்ஸே முதலில் பைத்தான் ஆவணத்துக்காகப் பிறந்த கருவிதான்.) எச்சரிக்கை வந்தால் விட்டுப்போன காலி வரியைத் தேடுங்கள். எடுத்துக்காட்டு நிரலை ஓட்டி, வருகிற வெளியீட்டையே ஒட்டுங்கள். நான் ஒருமுறை மனக்கணக்காக எழுதியதில் ஒரு மேற்கோள்குறி விட்டுப்போய், திருத்தத்தைச் சரிபார்க்கும் ரிவ்யூவரிடம் மாட்டிக்கொண்டேன்.

திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பும் கோரிக்கைதான் புல் ரிக்வெஸ்ட். ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரே விஷயம். என் முதல் முயற்சியில் பன்னிரண்டு பக்கங்களைச் சேர்த்துத் திருத்தி அனுப்பினேன். அதைப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை. முதல் தடவை பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்லி பாட் (தானியங்கி நிரல்) கேட்கும், போட்டுவிடுங்கள். ரிவ்யூவர் மாற்றம் கேட்டால் அதே பிராஞ்சில் இன்னொரு கமிட் (மாற்றத்தின் பதிவு) சேருங்கள். ஃபோர்ஸ் புஷ் செய்தால், அதாவது பழைய கமிட்டுகளை மாற்றி எழுதி அனுப்பினால், எது மாறியது என்று அவர் தேடிக்கொண்டிருப்பார். கமிட்டுகள் அசிங்கமாக இருக்கிறதே என்ற கவலை வேண்டாம். இணைக்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவார்கள். ஒரு மாதம் ஆகியும் சத்தமே இல்லையென்றால் பணிவாக ஒரு வரி நினைவூட்டுங்கள்.