வீதக் கணக்கில் எண்ணை எப்போது போடுவது?

இணைந்த கணிதத்தில் வகையீடு நன்றாக வரும் பிள்ளைகள்கூட, ஓர் அளவு மாறும் வீதத்திலிருந்து இன்னோர் அளவு மாறும் வீதத்தைக் காணும் வீதக் கணக்கு வசனமாக வந்தால் சறுக்கிவிடுவார்கள். வகையிடும் இடத்தில் அல்ல, பெரும்பாலும் அதற்கு முந்திய இரண்டு வரிகளில்தான் பிழை இருக்கும். கீழே உள்ள கணக்கைப் பாருங்கள்.

லயன் வீடொன்றின் தகரக் கூரையில் விழும் மழைநீர் முழுவதும் பீலி வழியாகத் தலைகீழ்க் கூம்பு வடிவத் தொட்டிக்குள் போகிறது. தொட்டியின் உயரம் 180 செ.மீ., வாயின் ஆரை 60 செ.மீ. கூரை மூடியிருக்கும் கிடைப்பரப்பு 40 சதுர மீற்றர். மழை மணிக்கு 18 மில்லிமீற்றர் வீதம் பெய்கிறது. நீரின் ஆழம் 90 செ.மீ. ஆகும் கணத்தில் நீர்மட்டம் என்ன வீதத்தில் உயரும்?

முதல் பிழை, 18 என்ற எண்ணைக் கண்டதும் அதையே நீர்மட்டத்தின் வீதமாக எழுதுவது. அது மழையின் வீதம். தொட்டிக்குத் தேவைப்படுவது கனவளவின் வீதம். 1 சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர் சேரும். ஆகவே மணிக்கு 40 × 18 = 720 லீற்றர், அதாவது நிமிடத்துக்கு 12 லீற்றர். தகரத்தின் சாய்ந்த பரப்பை எடுத்தால் விடை கூடிவிடும்; நேர்கீழாகப் பெய்யும் மழைக்குக் கூரையின் கிடைப்பரப்புத்தான் கணக்கு. தொட்டியின் அளவுகள் செ.மீ. இல் இருப்பதால் 12 லீற்றரை 12,000 கன செ.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். 12 என்றே விட்டால் விடை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்.

இனி, அதிகம் பேர் விழும் குழி. ஆழம் 90 எனில் ஆரை 30 என்று கண்டுபிடித்து, அந்த 30 ஐ உடனே கூம்பின் கனவளவுச் சூத்திரத்துக்குள் (1/3 × பை × ஆரை² × ஆழம்) போட்டுவிடுகிறார்கள். சூத்திரம் கனவளவு = 300 × பை × ஆழம் என்றாகிறது. வகையிட்டால் 12,000 = 300 × பை × ஆழ வீதம்; விடை 40/பை, அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 12.73 செ.மீ. கணக்கு ஒழுங்காக ஓடியதுபோலவே தெரியும். ஆனால் 30 ஐப் போட்ட அந்த வரியிலேயே தொட்டியின் வடிவம் மாறிவிட்டது: நீர் ஏற ஏற ஆரையும் வளரும் என்பது சூத்திரத்திலிருந்து காணாமல் போய்விட்டது. 90 என்பதும் 30 என்பதும் ஒரு கணத்துக்கு மட்டுமே உண்மை. வகையிடல் கேட்பதோ, அந்தக் கணத்தின் இருபுறமும் என்ன நடக்கிறது என்பதை.

இயல்பொத்த முக்கோணிகளால் ஆரை = ஆழம்/3. இது எல்லாக் கணங்களுக்கும் பொருந்தும், ஆகவே இதைத்தான் முதலில் பிரதியிட வேண்டும். கனவளவு = பை × ஆழம்³/27. நேரத்தைக் குறித்து வகையிட, கனவளவு வீதம் = (பை × ஆழம்²/9) × ஆழ வீதம். இப்போதுதான் 90 உள்ளே வரலாம்: 12,000 = 900 × பை × ஆழ வீதம். விடை 40/(3 × பை), ஏறக்குறைய நிமிடத்துக்கு 4.24 செ.மீ. முந்திய விடை இதன் சரியாக மூன்று மடங்கு.

ஆரைக்கு ஆழம்/3 ஐப் பிரதியிடாமல், இரண்டையும் மாறிகளாகவே வைத்துப் பெருக்க விதியால் வகையிட்டும் செய்யலாம். ஆனால் ஆரையின் வீதம் வரும் உறுப்பை மறந்தால் அதே 12.73 தான் திரும்பி வரும். அவசரக்காரருக்கு அந்த வழி வேண்டாம்.

சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு: நீரின் மேற்பரப்பு × மட்டம் உயரும் வீதம் = உள்ளே வரும் வீதம். ஆரை 30 எனில் மேற்பரப்பு 900 × பை, பொருந்துகிறது. தொட்டி நிரம்பும் தறுவாயில் மேற்பரப்பு நான்கு மடங்கு, ஆகவே வீதம் கால் பங்கு. அடியில் நிமிடத்துக்கு 2 லீற்றர் ஒழுகினால் 12 க்குப் பதில் 10, வேறு மாற்றமில்லை.

கூட்டல், கழித்தல் குறியில் நடக்கும் பிழை வேறு ரகம். நேரான தண்டவாளத்திலிருந்து 30 மீற்றர் தள்ளி ஒருவர் நிற்கிறார். ரயில் மணிக்கு 18 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் வருகிறது. (மலைநாட்டுப் பாதையில் நேரான துண்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், தண்டவாளம் சுற்றி வளையும் தெமோதரை வளையத்தில் இந்தக் கணக்கு உதவாது.) அவருக்கு மிக அண்மையான புள்ளியை அடைய இன்னும் 40 மீற்றர் இருக்கும்போது அவருக்கும் ரயிலுக்கும் இடையிலான நேர்த்தூரம் 50 மீற்றர். தண்டவாளத் தூரம் குறைந்துகொண்டு வருவதால் அதன் வீதம் −5. பைதகரசின் சமன்பாட்டை வகையிட, 40 × (−5) = 50 × நேர்த்தூர வீதம்; விடை −4. சைபர் விடையாக வந்தால், 50 ஐ வகையிடும் முன்பே போட்டுவிட்டீர்கள். +4 வந்தால், உங்கள் ரயில் அவரைக் கடந்து 40 மீற்றர் போய்விட்டது.