கையைக் கடிக்காத விலையில் ஒரு ஃப்ரெட்லெஸ் பேஸ்

யாழ்ப்பாணத்துக் கடைகளில் பேஸ் கிட்டார் கிடைக்கும். ஃப்ரெட்லெஸ், அதாவது கம்பியை அழுத்தும் விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகள் (ஃப்ரெட்) இல்லாத பேஸ், கேட்டால் "கொழும்பில விசாரிச்சுப் பாருங்கோ" என்பார்கள். அங்கேயும் லேசில் அகப்படாது. வெளிநாட்டில் ஸ்குவையர், ஹார்லி பென்டன் போன்றவை மலிவாகவே செய்து விற்கின்றன. கனடாவிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ மாமா யாராவது நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார் என்றால் சொல்லிவிடுங்கள். நான்கு ஸ்குரூவைக் கழற்றினால் நெக் (நீண்ட கழுத்துப் பகுதி) தனியாக வரும், பெரிய சூட்கேசில் அடங்கும்.

அப்படி ஒரு மாமா இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் வழி இது: ஃப்ரெட் உள்ள பழைய பேஸ் ஒன்றை வாங்கி, ஃப்ரெட்டைப் பிடுங்கிவிடுங்கள். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் நான் வாசிப்பது அப்படிச் செய்ததுதான்.

பழைய பேஸ் பார்க்கப் போனால் பெயின்டையும் கீறலையும் விட்டுவிடுங்கள். பிக்கப் மாற்றலாம், வயர் ஒட்டலாம். நெக் முறுகியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துவக்குக் குறி பார்ப்பதுபோல் நெக்கின் இரண்டு ஓரத்தையும் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் பயமில்லை, நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கோலைத் திருகி நிமிர்த்தலாம். ஒரு ஓரம் ஒரு பக்கமும் மற்றது வேறு பக்கமும் போனால் சும்மா தந்தாலும் வேண்டாம். ட்ரஸ் ராட் திரும்புகிறதா என்று விற்பவர் முன்னாலேயே ஆலன் கீ போட்டுப் பாருங்கள். இக்மன் இணையத்தளத்தில் பார்த்து வாங்குவதென்றால், நெக்கைப் பக்கவாட்டில் எடுத்த படம் கேளுங்கள். அனுப்பப் பஞ்சிப்படுகிறவரிடம் வாங்காதீர்கள்.

அளவுநாடாவும் கொண்டு போங்கள். வழமையான பேஸில் கம்பி நீளம் 34 அங்குலம். நட்டிலிருந்து (தலைப்பக்கத்தில் கம்பிகள் பள்ளத்தில் தங்கும் சின்னக் கட்டை) 12ஆவது ஃப்ரெட்டுக்கு அதில் பாதி, 432 மில்லிமீற்றர், இருக்க வேண்டும். விரற்பலகை கறுத்த மரமாக இருப்பது நல்லது. வெளிறிய மேப்பிள் பலகைக்கு மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள். ஃப்ரெட் பிடுங்கும்போது அதுவும் சேர்ந்து உரியும்.

ஃப்ரெட் கழற்ற வேண்டியவை ஒரு சோல்டரிங் அயனும் முகம் தட்டையாகத் தேய்த்த வெட்டுக் குறடும்தான். அயனை ஃப்ரெட்டின் மேல் வைத்துச் சூடு நன்றாக இறங்க விடுங்கள். உள்ளே பசை இருந்தால் இளகும், மரமும் சற்று விட்டுக்கொடுக்கும். பிறகு ஒரு ஓரத்தில் குறட்டின் வாயை ஃப்ரெட்டுக்கும் பலகைக்கும் நடுவே நுழைத்து, மெதுவாக அமத்துங்கள். மேலே இழுக்கக் கூடாது. குறட்டை மூட மூட ஃப்ரெட் தானாக எழும்பும்; அப்படியே அரை அங்குலம் அரை அங்குலமாக மற்ற ஓரத்துக்கு நகருங்கள். சின்னச் சிராய் எழும்பினால் அந்த இடத்திலேயே ஒரு துளி சுப்பர் குளூ விட்டு அமத்திப் பிடியுங்கள். அவசரக்காரர்களுக்கான வேலை இல்லை இது. மின்வெட்டு வராத நாளாகப் பார்த்து உட்காருங்கள்.

ஃப்ரெட் இருந்த வெட்டுகளை வெறுமையாக விட்டுக் கம்பி பூட்டாதீர்கள், இழுவையில் நெக் முன்னுக்கு வளையும். தளபாடப் பட்டறையில் வெனியர் (மெல்லிய மரத் தகடு) துண்டு கேளுங்கள். வெளிறிய நிறமாக எடுத்தால் கோடு கோடாகத் தெரியும். தொடங்குகிறவருக்கு அந்தக் கோடுகள் பெரிய உதவி. வெட்டுக்குள் செருகி, ஒட்டி, காய்ந்தபின் பலகை மட்டத்துக்குச் சீவி, பலகையின் வளைவுக்கு ஏற்ற கட்டையில் அரத்தாள் சுற்றித் தேயுங்கள்.

ஃப்ரெட்லெஸ் வாசிப்பில் பேர்போன ஜாக்கோ பஸ்டோரியஸ் தன் ஜாஸ் பேஸின் விரற்பலகைக்குப் படகுக்கான எபொக்ஸி ரெசின் பூசியது பலருக்குத் தெரியும். அதைக் கேள்விப்பட்டு, குருநகர்ப் பக்கம் வள்ளத்துக்குப் பூசும் ரெசினை வாங்கிவர நினைப்பீர்கள். அது பெரும்பாலும் பொலியெஸ்டர், வேறு சாமான். ஜாக்கோ எபொக்ஸி பூசியதற்குக் காரணம், சொரசொரப்பான ரவுண்ட்வூண்ட் கம்பி மரத்தை அராவிவிடும் என்பது. நீங்கள் வழவழப்பான ஃப்ளாட்வூண்ட் கம்பி போட்டால் பூச்சே தேவையில்லை. விலை கூடத்தான், ஆனால் வருஷக்கணக்கில் நிற்கும். பேஸில் மிச்சம் பிடித்த காசை இதில் போடுங்கள்.

இனி நட். மலிவு ஃப்ரெட்லெஸ் பல கைக்கு ஒத்துவராமல் போவது இங்கேதான். ஃப்ரெட் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் உயரம். அதை எடுத்தபின் நட் பழைய உயரத்திலேயே நின்றால், முதல் கோட்டில் கம்பியை அழுத்துவதற்குள் விரல் நோகும், சுருதியும் ஏறிவிடும். நட்டுக்குப் பக்கத்தில் கம்பிக்கும் பலகைக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்ட் மட்டும் நுழையும் அளவுக்குப் பள்ளத்தை இறக்க வேண்டும். அதற்கான அரம் இங்கே தேடினாலும் அகப்படாது. நான் கஸ்தூரியார் வீதியில் தெரிந்த நகைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே பத்தர் வைத்திருக்கும் ஊசி அரங்களில் கம்பித் தடிப்புக்கு ஏற்றது ஏதாவது இருக்கும், அவருடைய கையும் நிதானமானது. பள்ளம் தலைப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கம்பி இரையும்.

அப்புறம் ட்ரஸ் ராட். ஜி கம்பியை முதல் கோட்டிலும் கடைசிக் கோட்டிலும் அழுத்திப் பிடித்து, நடுவே இடைவெளியைப் பாருங்கள். போட்டோகொப்பித் தாள் இரண்டு நுழைந்தால் போதும். கூட இருந்தால் வலஞ்சுழியாகக் கால் சுற்று இறுக்கி, திரும்பச் சுருதி சேர்த்துவிட்டுப் பாருங்கள். பிறகு சாடிலை (உடல்பக்கத்தில் கம்பி தங்கும் சின்னத் துண்டு) இறக்கி, 12ஆம் கோட்டில் ஜி கம்பிக்கு ஒன்றரை, ஈ கம்பிக்கு இரண்டு மில்லிமீற்றர் அளவில் வையுங்கள். ஃப்ரெட்லெஸ்ஸுக்கே உரிய அந்த முனகல், கம்பி பலகையில் பட்டும் படாமலும் அதிர்வதால் வருவது. கம்பி உயர நின்றால் வராது.

கடைசியாக ரியூனர் பூட்டி, 12இல் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் விரலால் தொட்டு மட்டும் மீட்டும் சுரம்) அதே கோட்டில் அழுத்திய சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடினால் சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஃப்ரெட் உள்ளதில் விரலை ஃப்ரெட்டுக்குப் பின்னால் வைப்போம்; இதில் கோட்டின் மேலேயே வைக்க வேண்டும். வாசிக்கும்போது ரியூனரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதுதானே, சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டுப் பழகுங்கள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு வயலின் படித்தவர்கள் இதில் பாதித் தூரம் முன்னாலேயே நிற்கிறார்கள்.

மாரி தொடங்கினால் மரம் அசையும். ஐப்பசியில் ஒருதரம், தை பிறந்து வெயில் ஏறியதும் ஒருதரம் அந்தத் தாள் சோதனையைச் செய்யுங்கள். கடற்கரைப் பக்கம் வீடென்றால் வாசித்து முடிய முடியக் கம்பியைத் துடைத்து, பேஸைப் பைக்குள் வையுங்கள். ஆலன் கீயும் அந்தப் பையிலேயே கிடக்கட்டும்.