சூடு ஏறினால் எந்த உப்பு எவ்வளவு கரையும்? சேலத்திலும் ஏற்காட்டிலும் செய்து பார்க்கும் வழி

சூடான தண்ணீரில் உப்பு சீக்கிரம் கரையும், இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதிகமாகவும் கரையுமா? அது வேறு கேள்வி, பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சமையல் உப்பையும் படிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சாயங்காலம் செய்து பார்த்தால் போதும், தெளிந்துவிடும்.

கிராம் காட்டும் சமையலறைத் தராசு வேண்டும். தெர்மாமீட்டர் 100 டிகிரிக்கு மேல் காட்டுவதாக இருக்கட்டும், காய்ச்சல் பார்ப்பது 42 டிகிரியோடு நின்றுவிடும். சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரம் இரண்டு. படிகாரம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும், சவரம் செய்தபின் முகத்தில் தேய்க்கும் தெளிவான கட்டிதான் வேண்டும். தண்ணீர்த் தொட்டியைத் தெளியவைக்க விற்கும் ஆலம் பெரும்பாலும் வெறும் அலுமினியம் சல்பேட், அதில் படிகம் ஒழுங்காக வளராது, வாங்காதீர்கள். உப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: பாக்கெட் தூள் உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள் கலங்கலாக மிதக்கும், கரையாத உப்பு என்று அதைக் கணக்கில் எடுத்துவிடக் கூடாது.

இரண்டு பாத்திரத்திலும் 200 கிராம் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் 80 கிராம் உப்பு, மற்றதில் பொடித்த படிகாரம் 60 கிராம். இரண்டையும் வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கி, கலக்கிக்கொண்டே 60 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். படிகாரம் முழுக்கக் கரைந்து தண்ணீர் தெளிந்துவிடும். உப்பு அடியில் கொஞ்சம் கிடக்கும், எவ்வளவு கலக்கினாலும் போகாது. கொதிக்கவிட்டாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும், ஏனென்றால் 100 கிராம் தண்ணீர் 20 டிகிரியில் 36 கிராம் உப்பைப் பிடிக்கிறது, 100 டிகிரியில் வெறும் 39 தான். படிகாரமோ 20 டிகிரியில் சுமார் 11 கிராம், 40-இல் 24, 60-இல் 57 என்று தாவுகிறது. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பெடுக்க வெயிலில் தண்ணீரை வற்றவைக்கிறார்களே, அதன் காரணம் இதில் இருக்கிறது: உப்புத் தண்ணீரை எவ்வளவு குளிரவைத்தாலும் பெரிதாக ஒன்றும் இறங்காது.

ஏன் இப்படி? உப்புப் படிகத்தைப் பிரிக்க வெப்பம் வேண்டும், பிரிந்த அயனிகளை, அதாவது மின்னூட்டம் உள்ள துகள்களை, தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போது வெப்பம் திரும்ப வரும். சமையல் உப்பில் வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, அதனால் சூடு ஏற்றினாலும் பெரிய மாற்றம் இல்லை. படிகாரத்தில் செலவு அதிகம், வெளியிலிருந்து சூடு கொடுத்தால் அது நன்றாக எடுத்துக்கொள்ளும். எப்சம் உப்பும் (மக்னீசியம் சல்பேட்) வெப்பத்தை இழுக்கும் வகைதான், ஒரு கைப்பிடி தண்ணீரில் போட்டால் டம்ளர் சில்லென்று ஆகும். மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் வெட்டி எடுக்கும் வெள்ளைக்கல்லைக் கந்தக அமிலத்தில் கரைத்தாலே எப்சம் உப்பு கிடைக்கும் என்பதால் சேலத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டவேண்டும் என்பது என் கருத்து.

சரி, இப்போது குளிரவைப்பது. படிகாரக் கரைசலைச் சூடாக இருக்கும்போதே வடிகட்டி, ஒரு சின்னப் படிகத்தை நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும், ஆனால் 45 டிகிரிக்குக் கீழே வரும்வரை பொறுங்கள், அதற்கு முன்னால் விட்டால் அதுவும் கரைந்துபோகும். பாத்திரத்தைத் துண்டால் சுற்றி ஹாட்பாக்ஸுக்குள் வையுங்கள். மெதுவாக ஆறினால்தான் பெரிய படிகம், ஐஸ் தண்ணீரில் வைத்தால் மணல்தான் கிடைக்கும். சேலத்தில் அறை 30 டிகிரி என்றால் போட்ட 60 கிராமில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே வரும். அதே கரைசலை இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றி ஏற்காட்டுக்குக் கொண்டுபோய், இரவில் 18 டிகிரி குளிரில் வைத்தால் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிராம் இறங்கிவிடும். அங்கே உயரம் சுமார் 1,500 மீட்டர், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதோ என்று பயப்படாதீர்கள்.

எந்த டிகிரியில் எவ்வளவு கரையும் என்று நீங்களே ஒரு வளைகோடு வரைய விரும்பினால் ஒன்றைக் கவனியுங்கள். குளிரும்போது முதல் படிகம் தெரியும் வெப்பநிலையை மட்டும் குறித்தால் தப்பாகும், கரைசல் கொஞ்சம் தாமதித்துத்தான் படிகத்தை விடும். அப்புறம் மெதுவாகத் திரும்பச் சூடாக்கி, கடைசிப் படிகம் மறையும் டிகிரியையும் எழுதுங்கள். உண்மையான அளவு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

எல்லா உப்பும் சூட்டில் கூடுதலாகக் கரைவதும் இல்லை. கால்சியம் சல்பேட் சுமார் 40 டிகிரிக்கு மேல் போனால் குறைவாகத்தான் கரையும், போர் தண்ணீர் ஊற்றும் கீசர் கம்பியில் ஒட்டும் பொருக்கில் இதற்கும் பங்கு உண்டு. இன்னொரு பங்கு கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து உண்டாகும் சுண்ணாம்புப் படிவு, வினிகர் அதைக் கரைக்கும், சல்பேட்டை அவ்வளவாகத் தொடாது. கீசரை 75-க்குப் பதில் 55 டிகிரியில் வைத்தால் இரண்டுமே குறைவாகப் படியும்.