வெற்றுத்தாளும் கச்ராவின் கையும்

பத்தாம் வகுப்பில் ‘மெல்லக் கற்போர்’ என்று பிரித்து என்னிடம் விடப்பட்ட 11 மாணவர்கள் கணிதத் தேர்வில் தவறாக எழுதவில்லை, வெற்றுத்தாளையே தந்தார்கள்.

அவர்களுக்கு ஊக்கம் தர, முதலில் கிரிக்கெட் படமான ‘கனா’வை மூன்று மாலைகளில் முழுவதும் காட்டினேன். கைதட்டல் பலமாக இருந்தது, மறுநாள் தாள்கள் வெள்ளையாகவே இருந்தன. அடுத்து, 2001-இல் வந்த இந்திப் படமான ‘லகான்’-இன் இறுதி கிரிக்கெட் ஆட்டத்தைப் போட்டபோது, இந்தி புரியாமல் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

பலித்தது, அதே படத்தின் சிறிய பயிற்சிக் காட்சி. ஊரார் ஒதுக்கிவைத்ததால் ஒதுங்கி நிற்கும் கச்ரா என்பவன் ஊனமுற்ற கையால் பந்தைத் திருப்பி எறிய, அது தரையில் பட்டுச் சுழன்று திசைமாறுகிறது. அணித் தலைவன் புவன் மீண்டும் எறியச் சொல்கிறான். மொழிச் சிக்கலுக்காக ஒலியை நிறுத்தியிருந்தேன். அதனால்தான் எல்லோருடைய கண்களும் அந்தக் கையிலேயே நின்றன என்று நினைக்கிறேன். “சார், அந்தக் கையாலதான் பந்து திரும்புது” என்றான் கடைசி வரிசை மாணவன்.

அன்றிலிருந்து, தெரிந்த ஒரே ஒரு வரியை எழுதினால் போதும் என்று சொல்லி, தவறுகளைச் சிவப்பில் சுழிப்பதை நிறுத்திவிட்டு, சரியான வரியை மட்டும் பச்சையில் அடிக்கோடிட்டு, அருகில் ‘மறுபடியும் எறி’ என்று எழுதித் தந்தேன். அடுத்த தேர்வில் 8 தாள்களில் எழுத்து இருந்தது. பெரும்பாலும் இருபடிச் சமன்பாட்டின் ஏ, பி, சி மதிப்புகளைப் பிரித்தெழுதிய முதல் வரிதான்.