முழு பூமிப் படத்தைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ 17 விண்கலத்தில் போனவர்கள் எடுத்த முழு பூமிப் படத்தை நீங்கள் பாடப்புத்தகத்திலோ போனிலோ கட்டாயம் பார்த்திருப்பீர்கள். எங்கள் திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடம் காட்டினால் ஆப்பிரிக்கா, அரபு நாடு, அடியில் வெள்ளையாக அண்டார்க்டிகா என்று கடகடவெனச் சொல்லிவிடுவார்கள். மேலே வலது ஓரத்தில் இருக்கும் மேகச் சுழலை யாரும் கவனிப்பதில்லை. அது நம் புயல். அந்த வாரம்தான் கடலூர் அருகே கரையேறி, தமிழ்நாட்டை வெள்ளத்தில் தவிக்கவிட்டுப் போனது. அழகான நீல உருண்டை என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஓரங்களையும் பாருங்கள்.

அடுத்து, தூரம். விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களுக்கு முழு பூமியும் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். நிலையம் சுற்றுவது சுமார் 400 கி.மீ. உயரத்தில். பூமியை ஒரு கால்பந்து என்று வைத்துக்கொண்டால், பந்திலிருந்து வெறும் 7 மி.மீ. தள்ளி. அங்கிருந்து ஒரு நேரத்தில் பூமிப் பரப்பில் 3 சதவீதம் போலத்தான் கண்ணில் படும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் நின்று கலசம் வரை படம் பிடிக்கப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நந்தி மண்டபம் வரை பின்னால் நடந்து வந்தால்தான் விமானம் படத்துக்குள் அடங்கும். அப்பல்லோ வீரர்களும் அப்படித்தான், சுமார் 29,000 கி.மீ. விலகிப் போன பிறகே முழு வட்டத்தையும் பிடித்தார்கள். சூரியன் அவர்கள் முதுகுப் பக்கம் இருந்ததும் நல்லதாகப் போயிற்று. பக்கவாட்டில் இருந்திருந்தால் பூமி பிறையாகத் தெரிந்திருக்கும். அவ்வளவு தூரம் போயும் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பரப்புதான் கண்ணில் படும்.

அந்தப் படம் எடுத்தபோது தெற்குதான் மேலே இருந்தது. வெளியிடும்போது நமக்குப் பழகிய மாதிரி திருப்பி வைத்தார்கள். வானத்தில் மேல், கீழ் எதற்கு?

ஒரே சொடுக்கில் எடுத்த படத்தையும் தைத்த படத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாசா 2002-ல் வெளியிட்ட நீலப் பூமிப் படம், சுமார் 700 கி.மீ. உயரத்தில் சுற்றும் டெர்ரா செயற்கைக்கோள் மாதக்கணக்கில் பட்டை பட்டையாக எடுத்ததைக் கோத்துச் செய்தது. அதனால் அதைப் பொய்ப் படம் என்று சொல்வதும் தவறு. ஒவ்வொரு பட்டையும் உண்மையில் பார்த்து எடுத்ததுதான். 15 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கும் டிஸ்கவர் விண்கலத்தின் கேமராகூட சிவப்பு, பச்சை, நீலம் என்று சுமார் 30 நொடி இடைவெளியில் தனித்தனியாக எடுத்துத்தான் சேர்க்கிறது. 2015-ல் அது எடுத்த படத்தில் பூமிக்கு முன்னால் போன நிலாவின் விளிம்பில் நிறம் பிசிறியது, அதற்குள் நிலா கொஞ்சம் நகர்ந்துவிட்டதால்தான்.

எங்கள் பகுதியில் உண்மையிலேயே கவலை தரும் தவறு புயல் காலத்தில் நடப்பது. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோதும், அதற்குப் பின் வந்த ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும், இன்சாட் செயற்கைக்கோள் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. சிவப்பாக இருக்கும் இடத்தில் மழை கொட்டுகிறது என்று சொல்லிவிடுகிறார்கள். அது அகச்சிவப்புப் படம். மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைக் காட்ட, பிறகு பூசிய நிறம் அது. உயரத்தில் மெல்லிய மேகம் பரவியிருந்தாலும் குளிர்ச்சியாகவே தெரியும். கீழே ஒரு சொட்டு விழாது. அப்புறம் இன்னொன்று. சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து பார்க்கும் அந்த அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி என்பது 4 கி.மீ. அகலம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை பத்துப் புள்ளிகூட இல்லை. அதை வைத்து, அறுவடைக்கு நிற்கும் வயலில் தண்ணீர் தேங்குமா என்று முடிவு செய்ய முடியாது. மழைக்குக் காரைக்கால் ரேடார் படத்தைப் பாருங்கள். எடுத்த நேரமும் தேதியும் படத்திலேயே இருக்கும். அது இல்லாத படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

தீபாவளி இரவில் விண்ணிலிருந்து இந்தியா என்று வருஷா வருஷம் வரும் வண்ணப் படமும் தீபாவளி அன்று எடுத்ததல்ல. பல வருஷத்து இரவு விளக்குகளை வருஷத்துக்கு ஒரு நிறமாகக் கோத்தது.

சரி, நீங்களே பார்க்க வேண்டுமா? இந்திய வானிலைத் துறையின் இணையதளத்தில் 'கட்புலன்' (Visible) வகை முழு வட்டப் படத்தை நண்பகலில் திறங்கள். இரவில் திறந்தால் கறுப்பாகத்தான் இருக்கும், பழுது என்று நினைக்க வேண்டாம். மழை ஓய்ந்த தை, மாசியில் வானம் துலங்கியிருக்கும். இலங்கைக்கு மேலே, கரை சட்டென்று மேற்கே மடங்கும் ஒரு முனை தெரியும். அதுதான் கோடியக்கரை.