ரேஸ் டிராக்குக்காக எஞ்சினின் ரெவ் லிமிட்டைப் பாதுகாப்பாக உயர்த்தும் முறை

எஞ்சின் நிமிடத்துக்கு இத்தனை சுற்றுக்கு (ஆர்பிஎம்) மேல் சுழலாதபடி தடுக்கும் எல்லைதான் ரெவ் லிமிட். எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூவில் அது 7000 என்று இருந்தால், அந்த எண்ணை அழித்து 7700 என்று எழுத, மடிக்கணினி தெரிந்த ஒருவருக்குச் சில நிமிடங்கள் போதும். அந்தக் கூடுதல் வேகத்தை எஞ்சினுக்குள் இருக்கும் இரும்பு தாங்குமா என்பதைச் சோதித்து உறுதிசெய்யத்தான் வாரக்கணக்கில் வேலை இருக்கிறது. புதுச்சேரி, கடலூர்ப் பகுதியிலிருந்து திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குக் காரை ஓட்டிச் செல்பவர்கள், அதே காரில்தான் வீடு திரும்பவும் வேண்டும் என்பதால், இந்த வேலையின் வரிசையை மாற்றாமல் செய்வது நல்லது.

முதலில், லிமிட்டை உயர்த்துவதால் பயன் உண்டா என்பதை, எஞ்சினின் சக்தியை அளக்கும் டைனோ கருவி தரும் வரைபடத்தில் பார்க்க வேண்டும். அடுத்த கியரில் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை, இப்போதைய கியரில் கிடைப்பதைவிட அதிகமாகும் புள்ளியே கியர் மாற்ற வேண்டிய இடம். அந்தப் புள்ளி இப்போதைய லிமிட்டுக்குள்ளேயே வந்துவிட்டால், உயர்த்துவதால் எஞ்சினுக்குத் தேய்மானமும் காதுக்குச் சத்தமும்தான் மிஞ்சும். சிறிய டர்போ பொருத்திய எஞ்சின்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. மேல் வேகத்தில் டர்போவால் போதிய காற்றைத் தள்ள முடியாமல் சக்தி சரிந்துவிடும். கேம்ஷாஃப்ட்டையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஹெட்டையும் (வால்வுகள் அமைந்த மேல்பகுதி) மாற்றியமைத்த எஞ்சினுக்கு உயர்த்துவதில் நியாயம் இருக்கிறது. பிரேக் பிடிப்பதற்குச் சற்று முன்னால் ஒரு கியரை ஏற்றி உடனே இறக்க வேண்டிய நிலை ஒரு வளைவில் இருந்தால், 200 அல்லது 300 ஆர்பிஎம் கூடுதலாகக் கிடைப்பது அந்த இரண்டு மாற்றங்களையும் மிச்சப்படுத்தும். என் கணிப்பில், சாதாரண ஓட்டுநருக்கு இதுவே உண்மையான ஆதாயம்.

பிஸ்டனையும், அதைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடையும் இழுக்கும் விசை, சுழற்சி வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. 7000-இலிருந்து 7700-க்குப் போனால் வேகம் பத்து விழுக்காடுதான் கூடும். விசையோ 21 விழுக்காடு கூடிவிடும். பிஸ்டன் ஒரு முறை மேலிருந்து கீழே நகரும் தூரமான ஸ்ட்ரோக் நீளத்தை மீட்டரில் எடுத்து, இரண்டாலும் ஆர்பிஎம்மாலும் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் பிஸ்டனின் சராசரி வேகம் கிடைக்கும். ஹோண்டா எஸ்2000 காரின் முதல் எஞ்சின் 84 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் 9000 ஆர்பிஎம் வரை போனது. அந்தக் கணக்கில் விநாடிக்கு 25.2 மீட்டர். பிறகு ஸ்ட்ரோக்கை 90.7 மில்லிமீட்டராக நீட்டியபோது ரெட்லைனை (எஞ்சினுக்கு அனுமதித்த உச்ச வேகத்தை) ஹோண்டாவே 8000 அளவுக்கு இறக்கிவிட்டது. சாலைக்காக வடிவமைத்த ராடையும் பிஸ்டனையும் வைத்துக்கொண்டு அந்த 25 மீட்டரை எட்டிப் பார்க்க நினைப்பது விவேகமல்ல.

பல எஞ்சின்களில் முதலில் கைவிடுவது, வால்வை மூடும் வால்வ் ஸ்பிரிங். கேம்ஷாஃப்ட்டில் வால்வைத் தள்ளும் மேடான கேமின் வடிவத்தை வால்வ் பின்பற்ற முடியாத வேகம் வந்தால், வால்வ் மூடத் தாமதமாகி, மேலே வரும் பிஸ்டனைச் சந்திக்கும். ஆகவே ஸ்பிரிங்குகளைக் கழற்றி, பொருத்தும் உயரத்திலும் முழுத் திறப்பிலும் ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் கருவியில் அளந்து, சோர்ந்தவற்றை மாற்ற வேண்டும். கடினமான ஸ்பிரிங் போட்டால், முழுத் திறப்பில் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இடைவெளி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நம் கடற்கரை ஊர்களுக்கு ஓர் எச்சரிக்கை: உறை பிரித்த ஸ்பிரிங்கை எண்ணெய் பூசாமல் பட்டறை அலமாரியில் விட்டுவிட்டால் உப்புக்காற்றில் ஊசிமுனை அளவுக்குத் துருப்புள்ளிகள் விழும், விரிசல் அந்தப் புள்ளியிலிருந்துதான் தொடங்கும். புள்ளி தென்பட்ட ஸ்பிரிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயன்படுத்தவே கூடாது.

கேமை மாற்றியிருந்தால், பிஸ்டன் தலையில் வால்வுக்காக வெட்டிய பள்ளங்களில் விளையாட்டுக் களிமண்ணை ஒட்டி, ஹெட்டைப் பொருத்தி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் கழற்ற வேண்டும். பதிந்த களிமண்ணைக் கத்தியால் குறுக்கே வெட்டி அதன் மிக மெல்லிய இடத்தை அளந்தால், இன்டேக் (காற்று உள்ளே வரும்) பக்கம் 2 மில்லிமீட்டரும் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) பக்கம் 2.5 மில்லிமீட்டரும் குறையாமல் இருக்க வேண்டும். ராடு போல்ட்டுகளை மட்டும் உயர்ரகத்துக்கு மாற்றினாலும், ராடின் பெரிய துளை வட்டமாகவே இருக்கிறதா என்று லேத் பட்டறையில் அளந்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். கிளட்ச்சும் பிளைவீலும் எத்தனை ஆர்பிஎம் வரை உத்தரவாதம் பெற்றவை என்பதையும் கேட்டறிய வேண்டும். அவை வெடித்தால் துண்டுகள் ஓட்டுநரின் காலருகே வரும்.

ஆயில் விஷயத்தில் சிக்கனம் ஆகாது. டிராக்கின் நீண்ட வளைவுகளில் ஆயில், எஞ்சினின் அடியில் அது தேங்கும் தொட்டியான சம்ப்பின் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சு குழாய் ஒரு கணம் காற்றை இழுத்தாலே, உயர்ந்த வேகத்தில் பேரிங் உருகிப் பிடித்துக்கொள்ளும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள், ஆயில் கூலர், அழுத்தத்தையும் வெப்பத்தையும் பதிவுசெய்யும் சென்சார்கள் ஆகிய மூன்றையும் லிமிட்டைத் தொடுவதற்கு முன்பே பொருத்த வேண்டும். சில எஞ்சின்களில் கிராங்க் முனையிலேயே ஓடும் ஆயில் பம்ப்பின் பற்சக்கரங்கள், லிமிட்டரில் மோதி மோதி ஓட்டும்போது ஏற்படும் அதிர்வால் விரிசல் விடுவதுண்டு.

இவையெல்லாம் முடிந்த பிறகுதான் ஈசியூ. 6500-இல் ஒரு முழு எரிப்புச் சுழற்சிக்கு 18.5 மில்லிவிநாடி கிடைக்கிறது. 7500-இல் 16 மட்டுமே. அந்த நேரத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்க நேர்ந்தால் பெரிய இன்ஜெக்டர் தேவை. ஒரு தடவைக்கு 200 ஆர்பிஎம்முக்கு மேல் உயர்த்தாமல், ஒவ்வொரு படியிலும் எரிபொருள் கலவை, நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது), ஆயில் அழுத்தம் ஆகியவற்றின் பதிவைப் படித்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். கத்திரி வெயிலில் காற்றின் வெப்பத்தால் நாக்கிங் எளிதில் வரும் என்பதால், மார்கழியில் காலை நேரத்தில் அமைத்த இக்னிஷன் (ஸ்பார்க் அடிக்கும் நேர) அளவுகளை மே மாதத்தில் அப்படியே நம்பக்கூடாது. ஆயில் சூடாகும் வரை லிமிட்டைக் குறைத்து வைக்கும் அமைப்பையும் சேர்க்க வேண்டும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கும் காரில் லிமிட்டர் எரிபொருளைத்தான் நிறுத்த வேண்டும். ஸ்பார்க்கை மட்டும் நிறுத்தினால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

நான்காவதிலிருந்து மூன்றாவதுக்கு இறக்குவதாக எண்ணி முதல் கியரில் தள்ளிவிட்டால், எந்த லிமிட்டராலும் எஞ்சினைக் காப்பாற்ற முடியாது. சக்கரங்களே கிராங்கைச் சுழற்றிவிடும். உயர்த்திய லிமிட்டுக்கும் எஞ்சினின் உண்மையான தாங்கு எல்லைக்கும் நடுவே சில நூறு ஆர்பிஎம்மாவது விட்டுவைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிராக்கிலிருந்து திரும்பியதும் ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்புத் தாளை வெயிலில் விரித்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டாத, மின்னும் துகள்கள் தெரிந்தால் அது பேரிங் உலோகமாக இருக்கக்கூடும். லிமிட்டைப் பழைய எண்ணுக்கே இறக்கிவிட்டு, அடுத்த ஓட்டத்துக்கு முன் சம்ப்பைக் கழற்றிப் பேரிங்குகளைப் பார்க்க வேண்டும்.